மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் எத்தனை வாட்?

சிங்கப்பூரின் தானா மேரா கோஸ்ட் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒருவர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ. சாதாரண ரோடு பைக், கைகள் பிரேக் பிடியின் மேல் இருக்கின்றன. காற்றே இல்லையென்றால் அந்த வேகத்துக்கு அவர் பெடலில் ஏறக்குறைய 143 வாட் கொடுக்க வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் அதே வேகத்துக்கு 229 வாட் தேவை. அதே காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் 82 வாட் போதும். இது புயல் காற்று இல்லை. முகத்தில் படுவது தெரியும், மர இலைகள் லேசாகச் சலசலக்கும், அவ்வளவுதான். மூன்று நிலையிலும் வேகம் காட்டும் கருவியில் ஒரே எண்தான் இருக்கும்.

வேகத்தை வைத்துப் பவரைக் கணிக்கும் எந்த முறைக்கும் அடிப்படைச் சிக்கல் இதுதான். சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. சமதரை, கடற்காற்று, கூட்டமாக ஓட்டும் வழக்கம், சிக்னல், வெக்கை என்று கணிப்பு எங்கெல்லாம் சறுக்குமோ அதெல்லாம் இந்தச் சின்னத் தீவில் ஒன்றாக இருக்கின்றன. அதனால் பயிற்சியை முறையாகச் செய்ய நினைப்பவருக்கு இங்கே பவர் மீட்டர், அதாவது மிதிக்கும் பவரை நேரடியாக அளக்கும் கருவி, உண்மையிலேயே பயன்படும் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு விலை உயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதில்லை.

முதலில் அந்த 143 வாட் எங்கே போகிறது என்று பார்ப்போம். பவர் என்பது ஒரு விநாடியில் செய்யும் வேலை. சைக்கிளில் அது பெடலை மிதிக்கும் முறுக்கு விசையையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும். சமதரையில் அந்த வேலை மூன்று இடங்களில் செலவாகிறது. டயர் சாலையில் நசுங்கி உருள்வதற்கு 33 வாட். செயினும் பற்சக்கரங்களும் உரசுவதில் 4 வாட். மீதி 106 வாட், அதாவது நான்கில் மூன்று பங்கு, காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கே ஆகிறது.

காற்றுக்கான செலவு வேகத்தின் கன அளவில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். அதனால்தான் 30இலிருந்து 35க்குப் போக வெறும் 5 கிலோமீட்டர்தானே என்று தோன்றினாலும், தேவை 143 வாட்டிலிருந்து 214 வாட்டாகத் தாவுகிறது. இந்தக் கணக்கில் உடம்பும் வண்டியும் காற்றுக்குக் காட்டும் பரப்பை, அதன் வடிவத்துக்கான திருத்தத்தோடு, 0.32 சதுர மீட்டர் என்று எடுத்திருக்கிறேன். அதே ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் அது 0.40ஐத் தொடலாம், அப்போது தேவை 171 வாட். முதுகை எப்படி வைத்திருக்கிறோம் என்ற ஒன்றே 28 வாட் வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. வேகத்தை வைத்துப் பவரைக் கணிக்கும் எந்த ஆப்புக்கும் நம் முதுகு தெரியாது.

காற்றின் அடர்த்தியும் கணக்கில் வரும். 15 டிகிரியில் உலர்ந்த காற்று ஒரு கனமீட்டருக்கு 1.225 கிலோ. பல கணிப்பான்கள் இந்த எண்ணைத்தான் தொடக்கத்தில் வைத்திருக்கும். நம் ஊரின் 30 டிகிரி ஈரக் காற்று ஏறத்தாழ 1.15 கிலோ; ஆறு சதவீதம் லேசு. மாற்றாமல் விட்டால் மேலே சொன்ன வேகத்தில் 7 வாட் கூடுதலாகக் காட்டும்.

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சேர்ந்தால் சமன் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 229ஐயும் 82ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 155 வருகிறது, 143 இல்லை. எதிர்க்காற்று எடுத்துக்கொள்வதைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை.

பருவம் மாறினால் இன்னொரு குழப்பம். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் காற்று தெற்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வரும். சாங்கி விமான நிலைய ஓடுபாதைகளின் எண்கள் 02, 20 என்று இருப்பது இதோடு ஒத்துப்போகிறது. அவை ஏறக்குறைய வடக்கு-தெற்காக, சற்றே கிழக்குச் சாய்வோடு கிடக்கின்றன. விமானங்கள் எதிர்க்காற்றில் ஏறி இறங்க வசதியான அந்தத் திசையிலேயே ஒரு சாலையும் போனால், சைக்கிள்காரருக்கு அது ஒரு பருவத்தில் எதிர்க்காற்றுச் சாலை, இன்னொரு பருவத்தில் பின்காற்றுச் சாலை. மூன்று மாதத்தில் 20 வாட் கூடிவிட்டது என்று ஆப் சொல்லும்போது, காலில் பலம் ஏறியதா, காற்று திசை மாறியதா என்று பிரித்துச் சொல்ல அதற்கு வழியில்லை.

கூட்டமாக ஓட்டும்போது கணிப்பை முற்றிலும் மறந்துவிடலாம். 2022 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஒரு குழு அதிகபட்சம் ஐந்து சைக்கிள் நீளம்தான் இருக்கலாம். ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இருவர் பக்கவாட்டில் போக அனுமதி உள்ள சாலையில் பத்துப் பேர். ஐந்து பேர் வரிசையாகப் போனால் நடுவில் இருப்பவருக்குக் காற்றுத் தடையில் கால் பங்குக்கும் மேல் மிச்சமாகும். முன்னால் இழுப்பவரும் பின்னால் ஒட்டி வருபவரும் ஒரே வேகத்தில் ஒரே சாலையில்தான் போகிறார்கள். கணிக்கும் ஆப் இருவருக்கும், எடை ஒன்றாக இருந்தால், ஒரே வாட்டைத்தான் எழுதும். அன்று இழுத்தவருக்கு இது அநியாயம். ஒட்டி வந்தவருக்குத் தன் உடல்நிலை பற்றிய தவறான நம்பிக்கை.

பூங்கா இணைப்புப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். காற்றில்லாத வேளையில் அதற்கு 92 வாட்தான் ஆகும். நடப்பவர்களும் குழந்தைகளும் இருக்கும் பாதை அது. அங்கே யாரும் தன் முழுத் திறனைச் சோதிக்கக் கூடாது.

சரி, கணிப்பு எங்கே நம்பகமாக இருக்கும்? ஏற்றத்தில். மேடேறும்போது பெரும்பாலான வேலை புவியீர்ப்புக்கு எதிராகத்தான் நடக்கிறது. அதைக் கணக்கிட எடை, உயரம், நேரம் மூன்றும் போதும். மவுண்ட் ஃபேபர் மாதிரியான ஒரு மேட்டில் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 60 மீட்டர் உயரத்தை 4 நிமிடத்தில் ஏறுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். 80 கிலோவை 9.81ஆல் பெருக்கி, அதை 60ஆல் பெருக்கினால் 47,088 ஜூல். 240 விநாடியால் வகுத்தால் 196 வாட். டயருக்கும் காற்றுக்கும் செயினுக்கும் சேர்த்தால் மொத்தம் 233 வாட் வரும். உடம்பின் பரப்பை 15 சதவீதம் தப்பாக ஊகித்தாலும் இங்கே பிழை 2 வாட்தான். சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே தப்பு 16 வாட் பிழையைத் தரும்.

ஆனால் நம்மிடம் நீளமான மேடு இல்லை. தீவின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். குட்டை மேட்டில் வேறு பிழைகள் பெரிதாகும். உயரத்தில் 3 மீட்டர் தப்பினால் 10 வாட் போச்சு. அதனால் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவியை இடிமழைக்கு முன்னும் பின்னும் அப்படியே நம்பக் கூடாது. மேட்டின் அடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து உச்சியில் 15இல் முடித்தால், கொண்டுவந்த வேகமே 9 வாட் இலவசமாகச் சேர்த்துவிடும். அடியில் மெதுவாகத் தொடங்க வேண்டும். ஒரே மேட்டை, பனிக்காலம் வெயில்காலம் இல்லாத இந்த ஊரில், காற்று அடங்கிய காலையில், எடையைச் சரியாகப் போட்டு, மாதம் ஒரு தடவை ஏறிப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும். பணம் செலவழிக்க விருப்பமில்லாதவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். மலேசியாவின் கெந்திங் ஹைலண்ட்ஸ் மாதிரி நீண்ட மலைக்குப் போகிறவர்களுக்குக் கணிப்பு இன்னும் நன்றாகவே பொருந்தும்.

இதயத் துடிப்பை வைத்துப் பயிற்சி செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்ந்த ஊரில் அது நல்ல வழி. இங்கே வெக்கை இடையில் புகுந்துவிடுகிறது. மனித உடம்பு எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்கு வருகிறது; மீதி சூடு. 200 வாட் மிதிப்பவரின் உடம்பு 600 முதல் 800 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். அதற்கு உடம்பின் முக்கிய வழி வியர்வை ஆவியாவது. விடியற்காலையில் இங்கே ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அப்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது, சூடு உள்ளேயே தங்குகிறது. ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். நீர் வெளியேறுவதால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் ரத்தம் குறைய, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. மிதிக்கும் பலம் கொஞ்சமும் கூடாமலே முதல் அரைமணியில் 145 இருந்த துடிப்பு இரண்டாம் மணியில் 160 ஆகலாம். துடிப்பை மட்டும் பார்ப்பவர் நன்றாக உழைக்கிறோம் என்று நினைப்பார். உண்மையில் வேலை அதேதான், சூடுதான் ஏறியிருக்கிறது.

பவரும் துடிப்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்போதுதான் இது பிடிபடும். வாட் அப்படியே இருந்து துடிப்பு ஏறிக்கொண்டே போனால் நிழலும் நீரும் தேவை, வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரம். எனக்கு இந்தக் கருவியின் மிகப் பெரிய பயன் இதுதான் என்று தோன்றுகிறது. போட்டியில் ஜெயிப்பதைவிட, வெயிலில் எல்லை தாண்டாமல் வீடு வருவது முக்கியம்.

இன்னொரு பயனும் உண்டு. சவாரி முடிந்து தேக்காவில் தோசைக்கு உட்காரும்போது எத்தனை கலோரி செலவானது என்ற பேச்சு எப்படியும் வரும். 150 வாட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் 1,080 கிலோஜூல் வேலை. ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல், உடம்பு எரிப்பதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் வேலையாகிறது, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால் கிலோஜூல் எண்ணையே கிலோகலோரியாக எடுத்துக்கொள்ளலாம். பவர் மீட்டர் இருந்தால் கைக்கடிகாரம் சொல்வதைவிட இந்த எண்ணை நம்பலாம்.

இப்போது கருவிக்கு வருவோம். ஜெர்மனியின் உல்ரிக் ஷோபரர் 1986இல் எஸ்ஆர்எம் நிறுவனத்தைத் தொடங்கி, கிராங்கில், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையில், பவரை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றுவரை உள்ளே இருக்கும் சங்கதி பெரிதாக மாறவில்லை. உலோகத்தில் மெல்லிய கம்பிச் சுருள் ஒட்டப்பட்டிருக்கும். மிதிக்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், கம்பி நீளும், அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்திலிருந்து விசை தெரியும். சுற்றும் வேகத்தைத் தனி உணரி சொல்லும். கணிப்புக்கும் அளவைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். காற்று எங்கே வீசினாலும், யாருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தாலும், காலிலிருந்து வந்த விசையைத்தான் இது பார்க்கிறது.

பெடல், இடது கிராங்க், கிராங்கின் நடுவில் பற்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பைடர், பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் என்று எங்கே வேண்டுமானாலும் இந்தச் சுருளை வைக்கலாம். ஹப் வகை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இன்று புதிதாக வாங்குகிறவர் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஸ்பைடர் இரண்டு காலின் மொத்தத்தையும் அளக்கும், சாலையில் கீழே விழுந்தாலும் எளிதில் அடிபடாது, ஒரு தடவை மாட்டினால் மறந்துவிடலாம். ஒரே வண்டி, வருடக்கணக்கில் வைத்திருக்கப் போகிறேன் என்பவருக்கு எனக்குத் தெரிந்தவரை இதுதான் நிம்மதியான தேர்வு. வாங்கும் முன் உங்கள் கிராங்கோடு பொருந்துமா என்று கடையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீவக வீட்டில் ஒருவரிடமே ரோடு பைக் ஒன்று, மடக்கும் சைக்கிள் ஒன்று, டிரெய்னரில் (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) நிற்கும் பழைய வண்டி ஒன்று இருப்பது இங்கே சாதாரணம். அப்படிப்பட்டவருக்குப் பெடல்தான் பொருத்தம். ஃபவேரோ அசியோமா, கார்மின் ரேலி போன்றவற்றைச் சில நிமிடத்தில் கழற்றி அடுத்த வண்டிக்கு மாற்றலாம். மாற்றும்போது பலர் மறப்பது கிராங்க் நீளம். 172.5 மில்லிமீட்டர் கிராங்குக்கு அமைத்த பெடலை 170 மில்லிமீட்டர் கிராங்கில் மாட்டிவிட்டு ஆப்பில் மாற்றாமல் விட்டால், எண் 1.5 சதவீதம் கூடுதலாகவே வரும். இந்தப் பெடல்களுக்கு கிளீட், அதாவது பெடலோடு பூட்டிக்கொள்ளும் கட்டை, மாட்டும் ஷூ தேவை என்பதும் நினைவில் இருக்கட்டும். செருப்போடு மடக்குவண்டி ஓட்டுகிறவருக்கு இவை உதவாது.

விலை குறைந்த வழி இடது கிராங்க் மட்டும். ஸ்டேஜஸ், ஃபோர்ஐ போன்றவை இந்த வகையைப் பரவலாக்கின. இடது காலின் பவரை அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டும். உங்கள் இடது கால் 48 சதவீதம், வலது 52 சதவீதம் வேலை செய்தால், உண்மையான 200 வாட் 192 ஆகத் தெரியும். சமமின்மை எப்போதும் ஒரே அளவில் இருந்தால் இதில் பெரிய நஷ்டம் இல்லை. உங்கள் பயிற்சி எண்கள் எல்லாமே அந்த 192ஐ வைத்துத்தான் அமையும். களைப்பில் சமமின்மை மாறுபவர்களுக்கும், முட்டி அல்லது இடுப்பில் அடிபட்டுத் தேறி வருபவர்களுக்கும் மட்டும் இது போதாது. அவர்கள் இரட்டைப் பக்கம் வாங்குவது நல்லது.

துல்லியம் 1 சதவீதமா, 2 சதவீதமா என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதலாக நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 200 வாட்டில் 1 சதவீதம் 2 வாட். முதல் நாள் தூக்கம் சரியில்லையென்றால் அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். ஒரு கருவி நேற்றும் இன்றும் அடுத்த மாதமும் ஒரே மாதிரிப் பேசுகிறதா என்பதுதான் முக்கியம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பநிலை மாற்றம். சூட்டில் உலோகம் விரியும். மிதிக்காதபோதே கம்பிச் சுருள் இழுபட்டதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். ஏர்கான் போட்ட 24 டிகிரி அறையில் இரவு முழுக்க நின்ற வண்டியைக் கீழே இறக்கியவுடன் ஜீரோ ஆஃப்செட் செய்தால், அதாவது மிதிக்காத நிலையைப் பூஜ்ஜியம் என்று கருவிக்குச் சொன்னால், கருவி அறையின் வெப்பத்துக்குத்தான் பூஜ்ஜியத்தை எடுத்துக்கொள்ளும். வண்டியைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, அப்புறம் செய்யுங்கள். ஏர்கான் ரயிலில் மடக்குவண்டியைக் கொண்டுபோய் இறக்குபவருக்கும் இதேதான். வெப்ப மாற்றத்தைத் தானே ஈடுசெய்யும் கருவிகள் இருக்கின்றன. வாங்கும்போது இதைக் கேட்டுப் பார்ப்பது, துல்லிய சதவீதத்தைக் கேட்பதைவிடப் பயனுள்ளது.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. காயின் பேட்டரி போடும் கருவியில் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே போகும். வியர்வையின் உப்பு அதைவிட மோசம். ஒவ்வொரு பேட்டரி மாற்றத்தின்போதும் வளையத்தைத் துடைத்துப் பார்ப்பது கருவியின் ஆயுளைக் கூட்டும். சார்ஜ் செய்யும் வகையில் இந்த மூடித் தொல்லை இல்லை.

பழைய பொருள்களை வாங்கி விற்கும் கேரசல் தளத்தில் இடது கிராங்க் பவர் மீட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை வாங்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பரில் ஷிமானோ, 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரித்த 11 வேக (பின்னால் 11 பற்சக்கரங்கள் கொண்ட வண்டிக்கான) அல்டெக்ரா, டியூரா ஏஸ் ஹாலோடெக் கிராங்க்செட்டுகளைப் பரிசோதித்துக் கொள்ளச் சொல்லி அறிவித்தது. ஒட்டப்பட்ட பாகங்கள் பிரிந்து கிராங்க் உடைய வாய்ப்பு இருந்தது. மலிவான பவர் மீட்டர் அப்படிப்பட்ட கிராங்கோடு சேர்ந்து வந்தால், கிராங்கின் பின்புறத்தில் இருக்கும் தயாரிப்புக் குறியீட்டைப் பார்த்து, கடையில் காட்டிய பிறகே மிதிக்க வேண்டும். புதிதாக வெளிநாட்டுத் தளத்தில் வாங்குபவர்கள் பொருள் சேவை வரி 9 சதவீதத்தையும் விலையில் சேர்த்துப் பார்க்கட்டும். உள்ளூர்க் கடையில் வாங்கினால் உத்தரவாதத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

வாங்கிய பிறகு முதலில் தெரிய வேண்டியது உங்கள் எஃப்டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பவர். 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, சராசரியில் 95 சதவீதத்தை எடுப்பது வழக்கம். 20 நிமிடம் சிக்னலே இல்லாமல் ஓடும் சாலை இங்கே அபூர்வம். கிடைத்தாலும் லாரிகள் போகும் சாலையில் தலை குனிந்து முழு மூச்சாக மிதிப்பது ஆபத்து. இந்தச் சோதனையை வீட்டில் டிரெய்னரில், பெரிய மின்விசிறியை நேராக முகத்துக்கு வைத்துச் செய்யுங்கள். விசிறி இல்லாமல் செய்தால் வெக்கை பத்து, இருபது வாட்டைத் தின்றுவிடலாம். அப்போது கிடைப்பது உங்கள் காலின் அளவாக இருக்காது.

பெரும்பாலும் வீட்டிலேயே பயிற்சி செய்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நண்பர்களோடு வெளியே போகிறவர்கள், பவர் மீட்டருக்கு முன் ஸ்மார்ட் டிரெய்னரை வாங்குவதே மேல். அதற்குள்ளேயே பவர் அளக்கும் வசதி இருக்கிறது. பின்னர் பெடலும் சேர்ந்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாது. பெடல் செயினுக்கு முன்னால் அளக்கிறது, டிரெய்னர் செயினுக்குப் பின்னால். அதனால் டிரெய்னர் 2 முதல் 4 சதவீதம் குறைவாகக் காட்டுவது இயல்பு. அதைவிடப் பெரிய இடைவெளி இருந்தால் பெடலின் கிராங்க் நீளத்தையும் ஜீரோ ஆஃப்செட்டையும் சரிபாருங்கள். சரியாக இருந்தால், வீட்டிலும் சாலையிலும் பெடலின் எண்ணையே படிக்கும்படி ஆப்பை அமைத்துவிட்டு, டிரெய்னரின் எண்ணை அணைத்துவிடலாம்.